லேடெக் கற்றுக்கொள்ள எட்டாவது செமஸ்டர் வரை காத்திருக்காதீங்க

ஜூனியர்ஸ், ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். உங்கள் டீமில் நாலு பேர். ரிப்போர்ட் ஒன்று. அந்த ஒரு ரிப்போர்ட் இப்போது எத்தனை ஃபைலாக இருக்கிறது?

எங்களுடையது போன வருஷம் பதினொன்றாக இருந்தது. 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஒரிஜினல் ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்', கடைசியாக 'சார் சொன்ன கரெக்‌ஷனோட ஃபைனல்'. வாட்ஸ்அப் குரூப்பில் இந்தப் பதினொன்றும் மேலும் கீழுமாகக் கிடந்தன. நான் கன்னிவாடியில் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு படத்தை நகர்த்தினேன். நாலாவது அத்தியாயத்தின் தலைப்பு பக்கத்தின் கடைசி வரிக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. அதைச் சரி செய்ய என்டர் தட்டினேன். ஐந்தாவது அத்தியாயத்தின் அட்டவணை ரெண்டாக உடைந்தது. இதைப் படிக்கும்போது உங்களில் பாதிப் பேர் சிரிப்பீங்கன்னு தெரியும். மிச்சப் பாதிப் பேர் இன்னும் ரிப்போர்ட் எழுத ஆரம்பிக்கவில்லை.

அந்த ரிப்போர்ட் மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை, முன்பக்கங்களுக்கு ரோமன் எண் இல்லை. ரெண்டாவது முறை, படம் 3.3-க்கு அடுத்து படம் 3.5 இருக்கிறது, 3.4 எங்கே? மூன்றாவது முறை, பைண்டிங்குக்காக இடது பக்கம் ஒன்றரை இன்ச் விடவில்லை. மூன்றுமே நியாயமான கேள்விகள்தான். கைடை நான் குறை சொல்லவில்லை, அவருக்கு எங்களை மாதிரி இன்னும் ஏழு டீம் இருந்தது. ஆனால் யோசிச்சுப் பாருங்க. அவரோடு உட்கார்ந்து எங்கள் சென்சார் சரியாக அளக்கிறதா என்று பேசக் கிடைத்த மூன்று சந்திப்புகளையும் மார்ஜின் பற்றிப் பேசியே தீர்த்துவிட்டோம். ப்ராஜெக்ட்டில் ஒரு பெரிய தப்பு இருந்தது. அதை யாரும் பார்க்கவே இல்லை. அந்தத் தப்பைப் பிறகு யார் கண்டுபிடித்தார் என்று கீழே சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரியில் லேடெக்கை மூன்றாவது செமஸ்டரிலேயே சொல்லித்தர வேண்டும். யாரும் சொல்லித்தராவிட்டால் நாமே கற்றுக்கொள்ள வேண்டும். ரிப்போர்ட் அழகாக இருக்கும் என்பது அதற்குச் சின்னக் காரணம். நம் நேரமும் கவனமும் எழுத வேண்டிய விஷயத்துக்குப் போகும் என்பதுதான் பெரிய காரணம்.

லேடெக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. வேர்டில் நாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறோம். தலைப்பு என்றால் செலக்ட் பண்ணி, பெரிசாக்கி, போல்டு பண்ணுகிறோம். லேடெக்கில் ப்ரோக்ராம் எழுதுகிற மாதிரி வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் எழுத வேண்டும். ஒரு பேக்ஸ்லாஷ், அதை ஒட்டி 'செக்‌ஷன்' என்ற சொல், பிறகு கர்லி ப்ராக்கெட்டுக்குள் தலைப்பு. அவ்வளவுதான். 'இது தலைப்பு' என்று மட்டும் நீங்கள் சொல்கிறீர்கள். அது எந்த அளவில், எவ்வளவு இடைவெளி விட்டு, எந்த எண்ணோடு வர வேண்டும் என்பதை டாக்குமென்ட்டின் தலையில் ஒரே ஒரு இடத்தில் எழுதி வைக்கிறீர்கள். கம்பைல் பண்ணினால் பிடிஎஃப் வருகிறது.

படத்துக்கும் இதே கதைதான். படத்துக்கு ஒரு லேபிள் வைக்கிறோம், 'மண் ஈரம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது 'படம் 3.4' என்று எண்ணைக் கையால் தட்டுவதில்லை. 'மண் ஈரம் என்ற லேபிள் உள்ள படம்' என்று குறிப்பிடுகிறோம். எண் எதுவோ அதை மென்பொருள் போட்டுக்கொள்ளும். நடுவில் ஒரு படத்தைத் தூக்கினால் பின்னால் உள்ள எல்லா எண்களும் தானாக மாறும். பொருளடக்கம், படங்களின் பட்டியல், மேற்கோள் எண்கள் எல்லாமே இப்படித்தான். ஒரே ஒரு விஷயம், ரெண்டு முறை கம்பைல் பண்ண வேண்டும். முதல் ஓட்டத்தில் எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளும், ரெண்டாவது ஓட்டத்தில் உரிய இடத்தில் போடும். இது தெரியாமல் ரெண்டு கேள்விக்குறி வந்திருக்கிறதே என்று நான் ஒரு மணி நேரம் முழித்தேன். நீங்க முழிக்க வேண்டாம்.

இதை உருவாக்கியவர் கதை நமக்குக் கொஞ்சம் ஆறுதல் தரும். டொனால்ட் நூத். அல்காரிதம் பேப்பர் படித்த எல்லோருக்கும் தெரிந்த பெயர், 1974-லேயே டூரிங் விருது வாங்கியவர். 1977-ல் அவருடைய புத்தகத்தின் ரெண்டாம் தொகுதி மறுபதிப்புக்காகப் புரூஃப் வந்தது. அச்சுத் தொழில் அப்போது ஈய எழுத்திலிருந்து ஃபோட்டோ முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். புதுப் புரூஃபின் தோற்றம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. நாமாக இருந்தால் 'பரவாயில்ல சார், விடுங்க' என்றிருப்போம். அவர் எழுத்துக்கோர்ப்புக்குத் தானே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை பத்து வருஷத்துக்குப் பக்கமாக இழுத்தது. 1978-ல் முதல் வடிவம் வந்தது. 1982-ல் அதை முழுக்கத் திருப்பி எழுதினார். அதன் பெயர் டெக். கிரேக்கத்தில் கலைக்கும் கைத்தொழிலுக்கும் சேர்த்து உள்ள சொல்லின் வேர் அது. 'டெக்னாலஜி'யில் இருக்கிற அதே டெக்தான். கடைசி எழுத்து எக்ஸ் மாதிரி தெரிந்தாலும் 'டெக்ஸ்' என்று சொன்னால் பழைய ஆட்கள் திருத்துவார்கள்.

டெக்கின் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பை என்ற எண்ணை நோக்கி ஒரு இலக்கம் நீள்கிறது. 2021-ல் வந்த திருத்தத்தோடு அது 3.141592653 ஆனது. டெக்கில் தப்பு கண்டுபிடித்தவர்களுக்கு நூத் ஆரம்பத்தில் 2.56 டாலருக்குச் செக் அனுப்பினார். இருநூற்று ஐம்பத்தாறு சென்ட், ஹெக்ஸாடெசிமலில் ஒரு டாலர். அதை வாங்கியவர்கள் பலர் பேங்கில் போடாமல் ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்தார்கள். ஒரு மென்பொருளை இவ்வளவு அக்கறையோடு பார்த்துக்கொள்ள முடியும் என்பதே எனக்குப் புதுசாக இருந்தது.

டெக் நேரடியாகப் பயன்படுத்தக் கஷ்டம். அதன் மேல் எளிமையான கட்டளைகளை எண்பதுகளின் தொடக்கத்தில் எழுதிச் சேர்த்தவர் லெஸ்லி லாம்போர்ட். டிஸ்ட்ரிப்யூட்டட் சிஸ்டம்ஸ் பேப்பரில் 'லாம்போர்ட் க்ளாக்' படிக்கிறோமே, அதே லாம்போர்ட். 2013-ஆம் வருஷ டூரிங் விருது அவருக்கு. லேடெக் என்ற பெயரில் முதல் ரெண்டு எழுத்து அவர் பெயரின் முதல் ரெண்டு எழுத்துதான். இன்று நாம் பயன்படுத்துவது 1994-ல் வந்த வடிவத்தின் தொடர்ச்சி. பைசா செலவில்லை. அன்றைக்கு எழுதிய ஃபைல்கள் பெரும்பாலும் இன்றும் கம்பைல் ஆகின்றன. உங்கள் முதல் வருஷத்து வேர்டு ஃபைலை இன்றைக்கு வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், எழுத்துருவும் பக்கமும் அப்படியே வருகிறதா என்று.

'இதெல்லாம் ரிசர்ச் பண்றவங்களுக்கு, நமக்கு எதுக்கு?' என்று ஒரு நண்பன் கேட்டான். அவனுக்குப் பதிலாக எங்கள் மலையைக் காட்டினேன். கன்னிவாடி பழனி மலையின் அடிவாரம். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் மலைத்தொடர் தெரியும். அதே மலையின் மேலேதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம், 1899-ல் தொடங்கப்பட்டது. அங்கேதான் 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் ஒளிக்கற்றையை ஆராய்ந்து, புள்ளியைச் சுற்றியுள்ள பகுதியில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர். அதன் அடிப்படை நாம் பிளஸ் டூவில் படித்த டாப்ளர்தான். அலைநீளம் எவ்வளவு நகர்ந்தது என்பதை அலைநீளத்தால் வகுத்தால், அது வாயுவின் வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்ததற்குச் சமம்.

அந்தச் சமன்பாட்டை அன்றைய அச்சகத்தில் ஏற்ற வேண்டுமானால் ஒரு ஆள் உட்கார்ந்து கிரேக்க எழுத்து ஒன்று, பின்னக்கோடு ஒன்று, மேலே ஒன்று கீழே ஒன்று என்று ஈய எழுத்துகளைக் கையால் கோர்க்க வேண்டும். கணக்குப் புத்தகங்களுக்கு அச்சுக்கூலி அதிகமாக இருந்ததற்குக் காரணமே அதுதான். லேடெக்கில் பேக்ஸ்லாஷ் போட்டு 'ஃப்ராக்', அடுத்து ரெண்டு ஜோடி கர்லி ப்ராக்கெட். முதல் ஜோடிக்குள் மேலே வருவது, ரெண்டாவது ஜோடிக்குள் கீழே வருவது. இப்போது அந்த ஆய்வகத்தை நடத்துவது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். வானியல் ஆய்விதழ்கள் பலவும் கட்டுரைகளை லேடெக்கில் வாங்குவதற்கென்றே தயாரான வார்ப்புகள் கொடுக்கின்றன. ஆக, என் வீட்டு மாடியிலிருந்து தெரிகிற மலையில் நடக்கும் வேலையை உலகத்துக்குச் சொல்கிற எழுத்து முறை இது. அடிவாரத்தில் இருக்கிற எனக்கு அது எட்டாவது செமஸ்டரில்தான் தெரிய வந்தது என்றால் அது யார் தப்பு? என் தப்பும்தான்.

இன்னொரு விஷயம். உலகத்தின் பெரிய பதிப்பகங்களுடைய ஆய்விதழ்களுக்குப் பக்கம் கோர்க்கும் வேலையில் நிறைய சென்னையிலும் புதுச்சேரியிலும் நடக்கிறது. லேடெக் தெரிந்தவர்கள் அங்கே மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். ஜெர்மனியிலோ ஜப்பானிலோ எழுதின சமன்பாட்டை ஒழுங்காகப் பக்கத்தில் உட்கார வைப்பது நம் ஊர் ஆள். ஆனால் நம் ரிப்போர்ட்டுக்கு நாம் கல்லூரி வாசலில் உள்ள கடைக்குப் போய் 'அண்ணா, அலைன்மென்ட் மட்டும் பண்ணிக் குடுங்க' என்று நிற்கிறோம்.

பக்கத்து மாநிலத்தில் என்ன செய்தார்கள் பாருங்கள். 1998-ல் திருவனந்தபுரத்தில் இந்திய டெக் பயனர் குழு தொடங்கப்பட்டது. சி.வி. ராதாகிருஷ்ணன் அதன் முக்கியமான ஆள். 2002-ல் சர்வதேச டெக் பயனர் குழுவின் ஆண்டு மாநாடே திருவனந்தபுரத்தில் நடந்தது. 2003-ல் அந்தக் குழு இ. கிருஷ்ணனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு லேடெக்குக்கு ஒரு பாலபாடப் புத்தகம் கொண்டுவந்தது. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. நான் கற்றுக்கொண்டது அதிலிருந்துதான். இங்கிலீஷில் இருந்தாலும் நமக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு வாத்தியார் போர்டில் எழுதிக்கொண்டே சொல்கிற மாதிரி இருக்கும். அவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, சிலபஸில் வரட்டும் என்றும் உட்காரவில்லை. ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள், எழுதினார்கள். நாம் ஒரு வகுப்பில் அறுபது பேர் இருக்கிறோம்.

இப்போது அந்தத் தப்புக்கு வருகிறேன்.

எங்கள் ப்ராஜெக்ட் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மண் ஈரத்தை அளந்து வால்வைத் தானாகத் திறந்து மூடும் கருவி. கன்னிவாடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்து மாமா தக்காளி போட்டிருந்தார். அவர் தோட்டத்தில்தான் சென்சார் வைத்தோம். ரெண்டு மாசம் அவர் மோட்டார் ரூமில் எங்கள் ஒயரும் பெட்டியும் கிடந்தன. ரிப்போர்ட் முடிந்து மூன்று காப்பி பைண்டு பண்ணினோம். ஒன்று டிபார்ட்மென்ட் பீரோவுக்குப் போனது. ஒன்று கைடுக்கு. ஒன்று எங்களிடம். மாமாவிடம் நன்றி சொல்ல அந்தக் காப்பியை எடுத்துக்கொண்டு போனேன். தங்க எழுத்து போட்ட அட்டையைத் தடவிப் பார்த்தார். உள்ளே புரட்டினார். "எல்லாம் இங்கிலீசா இருக்கே தம்பி. என் தோட்டத்தப் பத்தி என்ன எழுதியிருக்க, அதச் சொல்லு" என்றார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்ல வரவில்லை. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். 'த்ரெஷோல்டு வேல்யூ' என்பதை மாமாவிடம் எப்படிச் சொல்வது? 'கேலிபரேஷன்'? நாலு வாக்கியம் சொல்லிவிட்டு, "தமிழ்ல எழுதிக் கொண்டாறேன் மாமா" என்று தப்பித்து வந்தேன்.

அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றத்தான் லேடெக் கற்றேன். இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலில் டிடிபி கடைக்குத்தான் போனேன். அங்கே அக்கா பாமினி எழுத்துருவில் வேகமாக அடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து என் லேப்டாப்பில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்துகள் குப்பை மாதிரி வந்தன. பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ரோமன் எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் தமிழே கிடையாது. அக்கா மேல் தப்பில்லை, கல்யாணப் பத்திரிகைக்கு அது போதும். ஆனால் நாலு பேர் திருத்தப்போகிற, பத்து வருஷம் கழித்தும் திறக்க வேண்டிய ஃபைலுக்கு யூனிகோடு வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. நாம் தான் இன்னும் கன்வெர்ட்டர் தேடிக்கொண்டிருக்கிறோம்.

லேடெக்கில் தமிழ் வருமா? வரும். ஆனால் வழி தெரிய வேண்டும். 1990-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே டெக்குக்கு ஒரு தமிழ் எழுத்துரு செய்தார். இன்றைய மாதிரி யூனிகோடில் நேரடியாகத் தட்டும் வசதி அப்போது இல்லை. 2004-ல் ஜோனதன் கியூ ஸீடெக் என்ற இன்ஜினை வெளியிட்ட பிறகுதான் நம் வேலை சுலபமானது. காரணம் இதுதான். 'கெ' என்று தட்டும்போது கம்ப்யூட்டரில் முதலில் பதிவாவது 'க', பிறகு கொம்பு. ஆனால் திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறி ரெண்டாகப் பிரிந்து ரெண்டு பக்கமும் நிற்க வேண்டும். பழைய பிடிஎஃப் லேடெக் இன்ஜினுக்கு இந்த வித்தை தெரியாது. ஸீலேடெக்குக்குத் தெரியும், எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளைப் படித்துச் சரியாக அடுக்கும்.

ஆகவே மூன்று விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கம்பைலரை ஸீலேடெக் என்று மாற்றுங்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு ராத்திரி முழுக்க எர்ரர் பார்த்தேன். ரெண்டு, ஃபான்ட்ஸ்பெக் என்ற பேக்கேஜில் நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி ஒரு யூனிகோடு எழுத்துருவைக் கொடுத்து, ஸ்கிரிப்ட் என்ற இடத்தில் தமிழ் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். மூன்று, பாலிக்ளாசியா பேக்கேஜில் மொழியைத் தமிழ் என்று அறிவியுங்கள். நம் சொற்கள் நீளம். 'கணக்கிடப்பட்டிருக்கின்றன' மாதிரி ஒரு சொல் வரி முடிவில் வந்தால் எங்கே உடைப்பது என்று தெரியாமல் மார்ஜினைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தமிழுக்கும் மற்ற இந்திய மொழிகளுக்கும் சொல் உடைக்கும் விதிகளைக் கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல் எழுதிக் கொடுத்திருக்கிறார். மொழியை அறிவித்தால் அவை வேலை செய்யும்.

இப்படியாக நாலு பக்கம் தமிழில் எழுதினேன். டைப்செட்டிங்கைவிட எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. 'த்ரெஷோல்டு' என்பதற்கு அகராதியில் பார்த்த சொல்லைப் போட்டுவிட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா, "இதுக்குக் கீழ ஈரம் போனா தண்ணி விடணும்னு நேரா எழுதேன்டா" என்றார். நேராகவே எழுதினேன்.

மாமா அந்த நாலு பக்கத்தையும் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் வைத்துப் படித்தார். ரெண்டாம் பக்கத்தில் நின்றார். "தோட்டம் பூராம் செம்மண்ணுன்னு போட்டிருக்க. நீ பெட்டி வச்ச மூலை மட்டும் கரிசல் கலந்தது. அங்க தண்ணி நிக்கும். மேக்கால இருக்கிற செடி வாடுறப்பகூட அந்த மூலை ஈரமாத்தான் இருக்கும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. களிமண் கலந்த மண் தண்ணீரை அதிக நேரம் பிடித்து வைக்கும். அந்த மூலையில் ஒரே ஒரு சென்சார். அது 'ஈரம் இருக்கு' என்று சொன்னால் வால்வு திறக்காது. மிச்சத் தோட்டம் காய்ந்துகொண்டிருக்கும். நாங்கள் ரெண்டு மாசம் வைத்திருந்தபோது மாமா நடுவில் நடுவில் கையால் வால்வைத் திறந்து விட்டதால்தான் செடி பிழைத்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. "பசங்க ஆசையா செய்றீங்க, எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றார். மூன்று முறை திரும்பி வந்த ரிப்போர்ட், வைவாவில் பாராட்டு வாங்கிய ரிப்போர்ட். அதன் அடிப்படையே தப்பு. அதைக் கண்டுபிடிக்கத் தகுதியான ஒரே ஆள் படிக்க முடியாத மொழியில் அதை எழுதி, தங்க எழுத்து போட்டு, பீரோவில் பூட்டி வைத்திருந்தோம்.

இந்த வருஷ ஃபைனல் ப்ராஜெக்ட் அந்தத் தப்பின் திருத்தம்தான். மூன்று சென்சார், மண்ணுக்கு ஏற்ற மாதிரி தனித்தனி அளவு. ரிப்போர்ட் முழுக்க லேடெக்கில். தண்ணீர் விட வேண்டிய அந்த ஈர அளவுகளை டாக்குமென்ட்டின் தலையில் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம். களத்தில் அளந்து எண் மாறினால் அங்கே ஒரு முறை மாற்றினால் போதும், இங்கிலீஷ் ரிப்போர்ட்டிலும் தமிழ்ச் சுருக்கத்திலும் எல்லா இடத்திலும் மாறிவிடும். நாலு பேரும் ஆளுக்கு ஒரு அத்தியாயத்தைத் தனி ஃபைலாக எழுதுகிறோம், ஒரு தாய் ஃபைல் எல்லாவற்றையும் இழுத்துச் சேர்க்கிறது. 'இதுதான் ஃபைனல்' என்று ஒரு ஃபைல்கூட இல்லை.

இதற்கு எதிராக என்னவெல்லாம் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நானே சொன்னதுதான்.

'வேர்டிலேயே ஸ்டைல்ஸ் இருக்கு, க்ராஸ் ரெஃபரன்ஸ் இருக்கு, ஒழுங்காப் பயன்படுத்தினா போதாதா?' உண்மை, ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும். எங்கள் வகுப்பில் அப்படிப் பயன்படுத்திய ஒருவரை நான் பார்த்ததில்லை. வேர்டு உங்களை என்டர் தட்டிச் சமாளிக்க விடும். லேடெக் விடாது. சமாளிக்கிற பழக்கம் உள்ள என்னை மாதிரி ஆட்களுக்கு விடாத ஒன்றுதான் நல்லது.

'கைடு வேர்டு ஃபைல்தான் கேட்பார்.' இதுதான் நிஜமான சிக்கல். ட்ராக் சேஞ்சஸில் திருத்திக் கொடுத்துப் பழகியவரிடம் டெக்ஸ்ட் ஃபைலைக் கொடுக்க முடியாது. நாங்கள் பிடிஎஃப் கொடுத்து, அதில் குறிப்பு போடச் சொன்னோம். முதலில் யோசித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். உங்கள் கைடு ஒப்புக்கொள்ளாவிட்டால் சண்டை போடாதீங்க. லேப் ரெக்கார்டிலும் செமினாரிலும் பழகிக்கொள்ளுங்கள்.

'எர்ரர் வந்தால் ஒன்றுமே புரியாது.' ஆமாம். 'மிஸ்ஸிங் டாலர் இன்சர்ட்டட்' என்று வரும்போது யாருடைய டாலர் காணாமல் போச்சு என்றுதான் தோன்றும். சமன்பாட்டின் ரெண்டு பக்கமும் டாலர் குறி போட வேண்டும், ஒன்றை விட்டிருப்பீர்கள், அல்லது சாதாரண வரியில் அண்டர்ஸ்கோர் போட்டிருப்பீர்கள். சி ப்ரோக்ராமில் செமிகோலன் விட்டதற்கு எத்தனை நாள் அழுதோம்? அதே அழுகைதான். பத்து வரிக்கு ஒரு முறை கம்பைல் பண்ணினால் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். அட்டவணை போடுவது மட்டும் இன்றைக்கும் எனக்குத் தலைவலி. அதை மறைக்க விரும்பவில்லை.

'லேப்டாப்பில் இடமில்லை, நெட் இல்லை.' ஓவர்லீஃப் ப்ரௌசரிலேயே ஓடும். இலவசக் கணக்கில் கம்பைல் நேரத்துக்கு வரம்பு உண்டு, ஆனால் லேப் ரெக்கார்டுக்குத் தாராளம். ஊரில் நெட் போய்விட்டால் வேலை நிற்கும், எங்கள் பக்கம் மழை வந்தால் நிற்கும். அதற்கு டெக் லைவை இன்ஸ்டால் பண்ணிவிடுங்கள். முழுசாகப் போட்டால் சில ஜிபி ஆகும். கல்லூரி நெட்டில் ஒருவர் இறக்கி பென்டிரைவில் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம். இலவச மென்பொருள், கொடுப்பதில் தப்பே இல்லை.

ஒரு பக்க லீவ் லெட்டருக்கும் சிம்போசியம் போஸ்டருக்கும் லேடெக் வேண்டாம். அதுக்கு வேற இருக்கு.

நிர்வாகத்துக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும் ரெண்டு வேண்டுகோள். ஒன்று, நம் கல்லூரி ரிப்போர்ட் விதிகளின்படி மார்ஜின், பக்க எண், முகப்பு எல்லாம் அமைந்த ஒரு லேடெக் வார்ப்பை அதிகாரப்பூர்வமாகக் கொடுங்கள். எங்கள் டீம் செய்து வைத்திருக்கிறது, சரிபார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இனி எந்த டீமும் மார்ஜினுக்காகத் திரும்பி வர வேண்டாம். கைடுகளின் நேரமும் மிச்சம். ரெண்டு, பி.இ. ரிப்போர்ட்டிலும் நாலு பக்கம் தமிழ்ச் சுருக்கத்தைக் கட்டாயமாக்குங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. நாங்கள் நாலே நாலு பக்கம்தான் கேட்கிறோம். நம் ப்ராஜெக்ட்டுகளில் எத்தனை நம் ஊர்த் தோட்டத்தையும் தறியையும் கிணற்றையும் பற்றியவை? அந்தத் தோட்டக்காரரும் தறிக்காரரும் படித்துவிட்டு 'இது தப்பு' என்று சொல்ல ஒரு வழி வேண்டாமா?

ஜூனியர்ஸுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் எழுத வேண்டிய ஏதாவது ஒரு லேப் எக்ஸ்பெரிமென்ட்டை லேடெக்கில் எழுதிப் பாருங்கள். ஒரு தலைப்பு, ஒரு சமன்பாடு, ஒரு படம், ஒரு அட்டவணை. ரெண்டு மணி நேரம் ஆகும், கொஞ்சம் கோபம் வரும். அடுத்த எக்ஸ்பெரிமென்ட்டுக்கு அரை மணி நேரம்தான். மாட்டிக்கொண்டால் சனிக்கிழமை மதியம் லைப்ரரியில் நான் இருப்பேன், லேப்டாப்போடு வாங்க.

மாமாவின் நாலு பக்கம் இப்போது மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. ரெண்டாம் பக்கத்தில் 'செம்மண்' என்பதைப் பேனாவால் அடித்து அவர் கையெழுத்தில் திருத்தியிருக்கிறார். திருத்திய பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். "இருக்கட்டும், ரெண்டும் இருக்கட்டும்" என்று அதையும் அதே ஆணியில் மாட்டிக்கொண்டார்.